டெக்சஸில் வீடு வாங்கியவர்களுக்கு: சொத்து வரி விலக்கைப் படிப்படியாகப் பெறுவது எப்படி

சென்னையிலோ மதுரையிலோ வீடு வைத்திருந்தவர்களுக்குச் சொத்து வரி என்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநகராட்சிக்குக் கட்டுகிற தொகை. குடும்பக் கணக்கில் அது பெரிதாக உறுத்தாது. டெக்சஸில் கதையே வேறு. இங்கே மாநில வருமான வரி கிடையாது. பள்ளிக்கூடம் முதல் தீயணைப்பு நிலையம் வரை உள்ளூர்ச் செலவின் பெரும்பங்கு வீட்டுக்காரர்கள் தலையில்தான் விழுகிறது. பல புறநகர்ப் பகுதிகளில் எல்லா வரியும் சேர்ந்து வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தைத் தொட்டுவிடும். 4,50,000 டாலர் வீடு என்றால் ஆண்டுக்கு 9,000 டாலர். மாதத்துக்கு 750 என்று வைத்துக்கொண்டால், கடன் தவணைக்கு மேல் இன்னொரு சின்னத் தவணை.

இதைக் குறைக்கச் சட்டமே வழி செய்திருக்கிறது. ஆனால் விண்ணப்பித்தவருக்கு மட்டுமே அது கிடைக்கும். புதிதாக வருபவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று: விலக்கு வீட்டோடு வருவதில்லை, அதில் குடியிருக்கும் உரிமையாளரோடு வருகிறது. வீட்டை விற்றவர் 70 வயதுக்காரராக இருந்து, அவர் கட்டிய வரி 4,000 டாலர் என்று பதிவில் தெரிந்தால், அதே 4,000 உங்களுக்கும் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அவர் வயதுக்குக் கிடைத்த சலுகை அவரோடு போய்விடும். அவருக்கு இருந்த மதிப்பு உச்சவரம்பும் நீங்கும். வீடு மறுபடி சந்தை விலைக்கு மதிப்பிடப்படும். வீடு பார்க்கும்போதே அந்த முகவரிக்கு எந்த விலக்கும் இல்லாவிட்டால் வரி எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பதுதான் சரி.

எந்த அலுவலகம் எதற்கு

இரண்டு அலுவலகங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். வீட்டின் மதிப்பை நிர்ணயிப்பதும், விலக்கு தருவதும் மறுப்பதும் இவர்கள் வேலை. இன்னொன்று கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) டாக்ஸ் ஆபீஸ். பில் அனுப்பிப் பணம் வாங்குவது இவர்கள். வரி விகிதத்தை முடிவு செய்வது இரண்டுமல்ல. பள்ளி மாவட்டம், நகரம், கவுண்டி போன்றவை தனித்தனியாக முடிவு செய்கின்றன. விலக்கு வேண்டி டாக்ஸ் ஆபீஸ் வரிசையில் நின்று திரும்புகிறவர்கள் உண்டு. போக வேண்டிய இடம் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்.

டெக்சஸில் 254 கவுண்டிகள். உங்கள் வீடு எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்பதை ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என இரண்டு கவுண்டிகளில் விரிகிறது. கேட்டி மூன்று கவுண்டிகளில்: ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர். க்ளோசிங்கில், அதாவது வீடு உங்கள் பெயருக்குக் கைமாறும்போது, எழுதும் பத்திரத்தில் கவுண்டியின் பெயர் தெளிவாக இருக்கும். அந்தக் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் உங்கள் முகவரியைத் தேடினால், வீட்டுக்கான கணக்கு எண், இந்த ஆண்டு மதிப்பு, தற்போதுள்ள விலக்குகள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். விலக்குகள் குறியீடாக இருக்கும்: ஹெச்.எஸ். என்றால் ஹோம்ஸ்டெட், ஓ.வி.65 என்றால் முதியோர், டி.பி. என்றால் உடல் குறைபாடு, டி.வி.1 முதல் டி.வி.4 வரை என்றால் பணியில் பாதிப்படைந்த படைவீரர்.

ஹோம்ஸ்டெட்டால் எவ்வளவு குறையும்

ஹோம்ஸ்டெட் விலக்கு என்பது, நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி போடுவது. பெரிய தள்ளுபடி பள்ளி வரியில்தான். 2022இல் 40,000 டாலராக இருந்த இந்தக் கழிவு 2023இல் 1,00,000 ஆனது. 2025 நவம்பர் 4 அன்று நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, 2025 வரி ஆண்டிலிருந்தே 1,40,000 டாலர். ஏற்கெனவே ஹோம்ஸ்டெட் பெற்றவர்கள் உயர்ந்த தொகைக்காக மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

கணக்கு எளிது. வீட்டு மதிப்பு 4,50,000. பள்ளி வரி விகிதம் நூறு டாலருக்கு 1 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலக்கு இல்லாமல் 4,500 டாலர். விலக்கோடு 3,10,000 டாலருக்குத்தான் வரி, அதாவது 3,100. ஆண்டுக்கு 1,400 டாலர் மிச்சம். ஒரு மணிநேர வேலைக்கு இந்தப் பணம், அதுவும் ஆண்டுதோறும்.

பள்ளி தவிர மற்றவை தங்கள் விருப்பப்படி மதிப்பில் 20 சதவீதம் வரை கழிவு தரலாம். தருவதென்று முடிவு செய்தால் குறைந்தது 5,000 டாலராவது தர வேண்டும். ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் நகரங்கள் முழு 20 சதவீதத்தையும் தருகின்றன. எல்லா ஊரும் அப்படியில்லை. புறநகர்களில் தண்ணீர், கழிவுநீர் வசதிக்காக அமைந்த முனிசிபல் யுட்டிலிட்டி டிஸ்ட்ரிக்டுகள் பல எதுவும் தராமல் முழு மதிப்புக்கும் வரி வாங்கும். ஒரே விலையுள்ள இரண்டு வீடுகளின் பில் வெகுவாக வேறுபடுவதற்கு இதுவும் காரணம்.

இன்னொன்று: குடியுரிமை ஒரு நிபந்தனையே அல்ல. ஹெச்1பி விசாவில் இருப்பவரும் தன் பெயரில் வீடு வாங்கி அதையே முதன்மை வசிப்பிடமாகக் கொண்டிருந்தால் தகுதியுண்டு. "கிரீன் கார்டு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் இழக்கிறார்கள்.

விண்ணப்பிக்கும் முறை

முதல் வேலை டிரைவிங் லைசென்ஸ். படிவத்தைத் தேடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். டெக்சஸ் லைசென்ஸிலோ மாநில அடையாள அட்டையிலோ உள்ள முகவரியும், விலக்குக் கேட்கும் வீட்டின் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய அபார்ட்மென்ட் முகவரியோடு லைசென்ஸை இணைத்து அனுப்புவதுதான் விண்ணப்பம் தள்ளுபடியாவதற்கு அடிக்கடி நேரும் காரணம். வீடு மாறிய 30 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும் என்பது லைசென்ஸ் சட்டத்திலும் உள்ளது. ஆகவே குடியேறிய வாரமே அந்த வேலையை முடித்துவிடுங்கள். வேறு மாநில லைசென்ஸோடு வந்திருந்தால் முதலில் டெக்சஸ் லைசென்ஸ். பணியில் இருக்கும் ராணுவத்தினர் போன்ற சிலருக்கு மட்டும் இந்த முகவரி நிபந்தனையில் தளர்வு உண்டு.

இரண்டாவது, படிவம் 50-114. மாநிலம் முழுக்க ஒரே படிவம். பெரிய கவுண்டிகளில் இணையத்திலேயே நிரப்பலாம். இல்லையென்றால் அச்செடுத்துத் தபாலில் அனுப்பலாம். கட்டணம் ஒரு சென்ட்கூடக் கிடையாது. வீடு வாங்கிய சில வாரங்களில், அரசுக் கடிதம் போலவே அச்சடித்த தாளில், "உங்கள் ஹோம்ஸ்டெட்டைப் பதிவு செய்கிறோம், இவ்வளவு கட்டுங்கள்" என்று தபால் வரும். அது அரசிடமிருந்து வருவதல்ல. கிழித்துப் போடலாம்.

நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை இவை. வீட்டுக் கணக்கு எண்ணை இணையதளத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதுங்கள். லாட், பிளாக், குடியிருப்பின் பெயர் கொண்ட சட்ட விவரம் பத்திரத்தில் இருக்கும். வீட்டை வாங்கிய தேதியும் குடியேறிய தேதியும் தனித்தனிக் கேள்விகள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, உண்மையை எழுதுங்கள். கணவன் மனைவி இருவரும் உரிமையாளர்கள் என்றால் இருவர் விவரமும் வேண்டும். பிறந்த தேதியைத் தவறாமல் நிரப்புங்கள். பின்னாளில் 65 வயது விலக்குக்கு அது உதவும். வேறு எங்காவது, வேறு மாநிலத்திலாவது, ஹோம்ஸ்டெட் பெற்றிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஜார்ஜியாவிலோ ஃபுளோரிடாவிலோ முன்பு இருந்த வீட்டுக்கு அந்தச் சலுகை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஹோம்ஸ்டெட்தான். கடைசியில் கையெழுத்துப் போடுவது சத்தியப் பிரமாணத்துக்குச் சமம்; பொய் எழுதினால் அது குற்றவியல் சட்டத்தின் கீழ் வரும்.

எப்போது அனுப்புவது? வழக்கமான காலம் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை. ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். 2022 முதல், ஆண்டின் நடுவில் வாங்கியவருக்கும் வாங்கிய நாளிலிருந்து அந்த ஆண்டின் மீதி நாட்களுக்கு விலக்கு உண்டு. விற்றவர் அதே வீட்டுக்கு அந்த ஆண்டு ஹோம்ஸ்டெட் வாங்கியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. கட்டுமான நிறுவனத்திடமிருந்து நேரே வாங்கிய புது வீடுகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தும்.

அனுப்பிய பிறகு ஒப்புகை எண்ணைச் சேமித்து வையுங்கள். பொதுவாக 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால் உங்களுக்குக் கிடைப்பது 30 நாள். அதைத் தவறவிட்டால் மறுத்துவிடுவார்கள். மறுப்புக் கடிதம் வந்தாலும் 30 நாளுக்குள் எதிர்த்து முறையிடலாம். இந்தியப் பயணம் கிளம்பும் முன் விண்ணப்பித்துவிட்டு இரண்டு மாதம் தபால் பெட்டியைத் திறக்காமல் இருப்பது இங்கேதான் வினையாகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடமாவது சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.

மறந்தே போய்விட்டதா? பதற வேண்டாம். வரி நிலுவையான தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை தாமத விண்ணப்பம் செய்யலாம். 2024ஆம் ஆண்டு வரி 2025 பிப்ரவரி 1 அன்று நிலுவையாகிறது. ஆகவே அந்த ஆண்டுக்கான விலக்கை 2027 ஜனவரி இறுதிக்குள் கேட்கலாம். எந்தெந்த ஆண்டுகளுக்கு என்பதைப் படிவத்தில் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் நடப்பு ஆண்டோடு நின்றுவிடும். கூடுதலாகக் கட்டிய பணம் திரும்பி வரும்.

10 சதவீத உச்சவரம்பு

ஹோம்ஸ்டெட்டின் இன்னொரு பயன் உடனே கண்ணில் படாது. வரிக்கான மதிப்பு ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது என்ற வரம்பு அது. 4,00,000 டாலர் வீட்டின் சந்தை மதிப்பு அடுத்த ஆண்டு 4,80,000 ஆனாலும் வரிக்கான மதிப்பு 4,40,000தான். நீங்கள் கூடுதலாக அறை கட்டினால் அதன் மதிப்பு தனியாகச் சேரும்.

இதில் இரண்டு இடங்களில் குழப்பம் வருகிறது. ஒன்று, வரம்பு முதல் ஆண்டிலேயே தொடங்காது. 2025 ஜூனில் வாங்கியவருக்கு 2026 ஜனவரி 1 அன்று மதிப்பு சந்தை நிலவரத்துக்குப் போகும். 2027இலிருந்துதான் வரம்பு காப்பாற்றும். இரண்டாவது, "ஊரெல்லாம் வீட்டு விலை இறங்கிவிட்டது, என் வரி மட்டும் ஏன் ஏறுகிறது?" என்ற கேள்வி. மேலே சொன்ன வீட்டின் சந்தை மதிப்பு அடுத்த ஆண்டு 4,80,000லிருந்து 4,70,000க்கு இறங்கினாலும், வரிக்கான மதிப்பு 4,40,000லிருந்து 4,70,000க்கு ஏறலாம். முன்பு வரம்பு பிடித்து வைத்திருந்த பகுதி இப்போது மெல்ல வந்து சேருகிறது. தவறு ஏதுமில்லை.

ஆனால் அந்தச் சந்தை மதிப்பே அதிகம் என்று தோன்றினால் தாராளமாக முறையிடலாம். மதிப்பு அறிவிப்பு ஏப்ரலில் வரும். மே 15 அல்லது அறிவிப்பு வந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அதுவரை அவகாசம். அருகில் விற்ற அதே அளவு வீடுகளின் விலை, கூரைச் சேதம், அடித்தள விரிசல் ஆகியவற்றின் படங்கள் இருந்தால் பேச்சு எடுபடும். "என்னால் கட்ட முடியவில்லை" என்ற வாதம் அங்கே செல்லாது. அவர்கள் பார்ப்பது ஜனவரி 1 அன்று வீடு என்ன விலை போகும் என்பதை மட்டும்.

புது வீடும் எஸ்க்ரோவும்

புதிதாகக் கட்டிய வீட்டை வாங்குகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். டெக்சஸில் ஒவ்வோர் ஆண்டும் மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி. அன்று உங்கள் மனை வெறும் நிலமாகவோ பாதிக் கட்டடமாகவோ இருந்திருந்தால், முதல் ஆண்டு பில் நிலத்துக்கு மட்டுமே வரும். 1,500, 2,000 டாலர் என்று சொற்பமாக இருக்கலாம். கடன் கொடுத்த நிறுவனம் அந்தத் தொகையை அடிப்படையாக வைத்து எஸ்க்ரோ (வரி கட்டுவதற்காக மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணம்) வசூலித்தால், அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் 8,000, 9,000 டாலர் பில் வரும்போது கணக்கில் பணம் இருக்காது. பற்றாக்குறையையும் சேர்த்து, புது விகிதத்தையும் சேர்த்து, மாதத் தவணை ஒரேயடியாக 1,000 டாலரும் அதற்கு மேலும் உயர்வது இப்படித்தான்.

இதைத் தவிர்க்க, க்ளோசிங்கின்போதே முழு வீட்டு மதிப்புக்கு எஸ்க்ரோ கணக்கிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் வித்தியாசத்தை நீங்களே தனியாக ஒதுக்கி வையுங்கள். ஹோம்ஸ்டெட் கிடைத்ததும் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கடன் நிறுவனத்துக்கு அனுப்பி எஸ்க்ரோவை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அவர்களுடைய பரிசீலனை வரை பழைய தொகையே போய்க்கொண்டிருக்கும்.

65 வயது ஆனவர்களுக்கு

இங்கேதான் சட்டம் மிகத் தாராளம். பொது விலக்கான 1,40,000 டாலருக்கு மேல், 65 வயதான உரிமையாளருக்குப் பள்ளி வரியில் இன்னொரு 60,000 டாலர். முன்பு இது வெறும் 10,000. 2025 வாக்கெடுப்பில்தான் உயர்ந்தது. ஆக மொத்தம் 2,00,000 டாலர். மேலே கணக்குப் போட்ட 4,50,000 டாலர் வீட்டுக்குப் பள்ளி வரி 2,500 ஆகிவிடும். கவுண்டியும் நகரமும் தங்கள் பங்குக்குத் தனியாகவும் தரலாம்.

பிறந்தநாள் ஆண்டின் எந்த நாளில் வந்தாலும் அந்த முழு ஆண்டுக்கும் தகுதி. 2026 டிசம்பர் 20 அன்று 65 ஆகிறவருக்கு 2026 முழுவதற்கும் உண்டு. அதே 50-114 படிவம், அதில் 65 வயதுக்கான கட்டத்தைக் குறிக்க வேண்டும். பிறந்த தேதி ஏற்கெனவே பதிவில் இருந்தால் அவர்களாகவே சேர்த்துவிடவும் வாய்ப்புண்டு. நம்பி இருந்துவிடாமல் இணையதளத்தில் ஓ.வி.65 என்று வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

60,000 டாலரைவிடப் பெரிய சலுகை, பள்ளி வரியின் உறைநிலை. தகுதி பெற்ற முதல் ஆண்டில் எவ்வளவு பள்ளி வரி வந்ததோ, அதுவே உச்சம். பத்தாண்டு கழித்து வீடு 7,00,000 டாலர் ஆனாலும் 2,500 டாலருக்கு மேல் பள்ளி வரி கேட்க முடியாது. குறையலாம், கூடாது. கூடுதல் அறை, நீச்சல் குளம் என்று புதிதாகக் கட்டினால் மட்டும் அதற்கேற்ப உயரும். கூரை மாற்றுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு உயராது. கவுண்டி, நகரம், சமுதாயக் கல்லூரி இவையும் விரும்பினால் இதே உறைநிலையை ஏற்கலாம். உங்கள் ஊரில் ஏற்றிருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

வீடு மாறினாலும் இந்தப் பள்ளி வரிச் சலுகையைக் கையோடு எடுத்துப் போகலாம், டாலர் கணக்கில் அல்ல, விகிதத்தில். பழைய வீட்டில் உறைநிலை இல்லாவிட்டால் 4,000 கட்ட வேண்டிய இடத்தில் 1,000 கட்டிக்கொண்டிருந்தால், அது 25 சதவீதம். புது வீட்டிலும் வரவேண்டிய பள்ளி வரியில் 25 சதவீதமே உச்சமாகும். இதற்குப் பழைய கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் சான்றிதழ் வாங்கிப் புது இடத்தில் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் சின்ன வீடு பார்த்துக் குடிபோகும் பெரியவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

உரிமையாளர் காலமானால், துணைவருக்கு அப்போது 55 வயது நிறைந்திருந்து, அந்த வீட்டிலேயே தொடர்ந்து வாழ்ந்தால், விண்ணப்பித்து உறைநிலையைத் தொடரலாம்.

பணம் கட்டுவதிலும் இரண்டு வசதிகள். ஆண்டு வரியை நான்கு சமத் தவணையாக வட்டியின்றிக் கட்டலாம்: முதல் தவணை பிப்ரவரி 1க்கு முன், பிறகு ஏப்ரல் 1, ஜூன் 1, ஆகஸ்ட் 1 ஆகியவற்றுக்கு முன். எஸ்க்ரோ இல்லாதவர்களுக்குத்தான் இது பயன்படும். இன்னொன்று ஒத்திவைப்பு. படிவம் 50-126 கொடுத்தால், அந்த வீட்டில் வாழும் வரை வரியைக் கட்டாமலே இருக்கலாம். வீட்டை விட்டு வெளியேற்ற முடியாது. ஆனால் கடன் மறைவதில்லை. ஆண்டுக்கு 5 சதவீத வட்டியோடு வீட்டின் மேல் ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு வீட்டைப் பெறும் பிள்ளைகள் மொத்தத்தையும் தீர்க்க வேண்டும். வீட்டுக் கடன் பாக்கியிருந்தால் கடன் நிறுவனம் இதை ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். ஓய்வூதியம் மட்டுமே உள்ள முதியவர் வீட்டை இழக்காமல் இருக்க இது நல்ல கேடயம். பணம் கையில் இருப்பவர் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அப்பா, அம்மா நம்மோடு இருந்தால்

தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் கேள்வியே இதுதான். பெற்றோர் உங்கள் வீட்டில் வசிப்பதால் மட்டும் 65 வயது விலக்குக் கிடைக்காது. அவர்கள் உரிமையாளராகப் பத்திரத்தில் இருக்க வேண்டும்; அந்த வீடே அவர்களுடைய முதன்மை வசிப்பிடமாகவும் இருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்து போகிறவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

கிரீன் கார்டோடு நிரந்தரமாக உங்களோடு வாழும் பெற்றோரைப் பத்திரத்தில் சேர்க்கலாமா என்றால், வரிச் சலுகைக்காக மட்டும் அவசரப்படாதீர்கள். பங்கின் அளவைப் படிவத்தில் எழுத வேண்டும். பங்கு குறைந்தால் விலக்கும் அதற்கேற்பக் குறையலாம். பங்கை மாற்றி எழுதுவது அன்பளிப்பாகக் கருதப்படும், கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைத் தொடும், அவர்களுக்குப் பிறகு அந்தப் பங்கு உங்கள் உடன்பிறப்புகளுக்கும் போகும் நிலை வரலாம். வழக்கறிஞரிடம் ஒரு மணிநேரம் பேசிவிட்டுச் செய்யுங்கள். பெற்றோரே தங்கள் சேமிப்பில் பங்கு போட்டு வாங்கும் வீடு என்றால், முதல் நாளிலேயே அவர்கள் பெயரைப் பத்திரத்தில் சேர்ப்பது நியாயமும்கூட.

உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு

சமூகப் பாதுகாப்புத் துறையின் வரையறைப்படி வேலை செய்ய இயலாத உடல்நிலை உள்ள உரிமையாளருக்கு, எந்த வயதானாலும், முதியோருக்கு உள்ள அதே 60,000 டாலரும் பள்ளி வரி உறைநிலையும் உண்டு. அந்தத் துறை தந்த அனுமதிக் கடிதத்தை இணைப்பதே எளிய வழி. 65 வயதானதும் இரண்டு விலக்கையும் ஒரே வரி அமைப்பிடம் சேர்த்துப் பெற முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பணியில் பாதிப்படைந்த படைவீரர்கள்

கிரீன் கார்டோடு அமெரிக்கப் படையில் சேர்ந்து பணியாற்றித் திரும்பிய நம்மவர்களும், இங்கே பிறந்து வளர்ந்து சேர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்தப் பகுதி அமெரிக்கப் படையில் பணியாற்றியவர்களுக்கு மட்டும். இந்திய ராணுவத்தில் பணியாற்றிய அப்பாவுக்கு இது பொருந்தாது, அவருக்கு வயது விலக்குத்தான் வழி.

வெட்டரன்ஸ் அஃபேர்ஸ் துறை, அதாவது வி.ஏ., தரும் பாதிப்பு விகிதத்தை வைத்தே எல்லாம் நடக்கும். 10 முதல் 29 சதவீதம் என்றால் மதிப்பில் 5,000 டாலர் கழிவு. 30 முதல் 49 வரை 7,500. 50 முதல் 69 வரை 10,000. 70 முதல் 12,000. குறைந்தது 10 சதவீத விகிதம் உள்ளவர் 65 வயதை எட்டினால் நேரே 12,000க்குப் போய்விடலாம். பார்வை இழந்தவருக்கும் கைகால் செயலிழந்தவருக்கும் அப்படியே. இதற்குப் படிவம் 50-135. குடியிருக்கும் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சொந்தமான ஏதாவது ஒரு சொத்துக்குப் பெறலாம். தொகை சிறியது: மொத்த விகிதம் 2 சதவீதம் என்றால் 12,000 டாலர் கழிவு மிச்சப்படுத்துவது 240 டாலர். ஆனால் எல்லா வரி அமைப்புகளும் இதைத் தர வேண்டும். ஹோம்ஸ்டெட், முதியோர் விலக்குகளோடும் இது சேரும்.

100 சதவீதம் என்றால் கதை தலைகீழ். குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரியே கிடையாது, முழு விலக்கு. வி.ஏ.யிடமிருந்து 100 சதவீத இழப்பீடு பெறுபவராகவும், விகிதம் 100 அல்லது தனிநபர் வேலையின்மை என்ற வகைப்பாடு உள்ளவராகவும் இருக்க வேண்டும். இதற்கு 50-135 அல்ல, ஹோம்ஸ்டெட்டுக்கான அதே 50-114. தவறான படிவத்தைக் கொடுத்துவிட்டு 12,000 டாலர் கழிவோடு திருப்தியடைந்தவர்கள் உண்டு என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலையின்மை வகைப்பாட்டைக் கவனியுங்கள். விகிதம் 70 என்றே இருந்தாலும், பாதிப்பால் நிலையான வேலை செய்ய முடியாது என்று வி.ஏ. ஒப்புக்கொண்டு 100 சதவீத அளவில் பணம் தந்தால், முழு விலக்குக்குத் தகுதி. வி.ஏ. தரும் பென்ஷன் வேறு, இழப்பீடு வேறு. பென்ஷன் கடிதம் இங்கே உதவாது. விகிதங்களைக் கூட்டியும் பார்க்காதீர்கள். 50 சதவீதம் இரண்டு இருந்தால் 100 ஆகாது: முதல் 50 போக மீதி 50இல் பாதி 25, ஆக 75, அதைக் கிட்டத்து பத்துக்குச் சேர்த்து 80. வி.ஏ. இணையதளத்தில் கிடைக்கும் சுருக்கக் கடிதத்தில் ஒட்டுமொத்த விகிதமும் அது அமலான தேதியும் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தையே இணையுங்கள். மருத்துவமனைச் சீட்டுகள் தேவையில்லை.

தாமத விண்ணப்பத்துக்கு இவர்களுக்கு இரண்டல்ல, ஐந்து ஆண்டுகள். 2022ஆம் ஆண்டு வரிக்கு 2028 ஜனவரி இறுதி வரை கேட்கலாம். வி.ஏ. பல ஆண்டு இழுத்தடித்துப் பழைய தேதியிட்டு 100 சதவீதம் தந்திருந்தால், அந்தப் பழைய ஆண்டுகளையும் படிவத்தில் குறித்துக் கட்டிய வரியைத் திரும்பப் பெறுங்கள். பல ஆயிரம் டாலர் இப்படி வரும்.

முழு விலக்குப் பெற்றவர் காலமானால், மறுமணம் செய்யாத துணைவருக்கு அதே வீட்டில் அது தொடரும். வீடு மாறினால், பழைய வீட்டில் கிடைத்த டாலர் அளவுக்குப் புது வீட்டில் பெறலாம். பணியின்போது உயிரிழந்த வீரரின் துணைவருக்கும் முழு விலக்கு உண்டு. பணியால் வந்ததாகக் கூட்டாட்சிச் சட்டம் கருதும் நோயால் இறந்த வீரர்களின் துணைவருக்கும் இதை விரிவாக்க 2025 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அந்த நிலையில் இருப்பவர்கள் தங்கள் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டைக் கேளுங்கள்.

கிடைத்த விலக்கு கைநழுவும் இடங்கள்

ஒருமுறை விண்ணப்பித்தால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் 2023இல் வந்த சட்டப்படி, ஒவ்வொரு ஹோம்ஸ்டெட்டையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும். அதற்காக வரும் கடிதம் விளம்பரத் தபாலைப் போலவே இருக்கும். பதில் அனுப்பாவிட்டால் விலக்கு போய்விடும், உச்சவரம்பும் கூடவே போகும். அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்று உறையில் இருந்தால் பிரித்துப் பாருங்கள். கட்டணம் கேட்டால் அது போலி. லைசென்ஸ் நகல் கேட்டால் அது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகமிருந்தால் கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, இணையதளத்தில் உள்ள எண்ணை அழையுங்கள்.

இந்தியாவுக்குச் சில காலம் போகிறவர்களுக்கு: திரும்பி வரும் எண்ணத்தோடு, வேறெங்கும் முதன்மை வசிப்பிடம் அமைத்துக்கொள்ளாமல், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வெளியே இருந்தால் விலக்கு தொடரும். முதியோர் இல்லத்துக்கோ பராமரிப்பு மையத்துக்கோ போனவருக்கு அந்த இரண்டாண்டு வரம்பு கிடையாது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு வீடு வாங்கிப் போனால் பழைய வீட்டின் ஹோம்ஸ்டெட்டை நீங்களே எழுதி நிறுத்துங்கள். பிறகு கண்டுபிடித்தால் ஐந்து ஆண்டு வரை பின்னோக்கிப் போய் வரியை வசூலிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

வீட்டை எல்.எல்.சி. பெயருக்கு மாற்றச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், ஹோம்ஸ்டெட் தனிமனிதருக்கு மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள், நிறுவனத்துக்குக் கிடையாது. டிரஸ்ட் என்றால், ஹோம்ஸ்டெட்டுக்குத் தேவையான வாசகங்கள் அந்த ஆவணத்தில் இருக்க வேண்டும். மாற்றுவதற்கு முன் எழுதுபவரிடம் இதைக் கேளுங்கள். கூரையில் சோலார் தகடு போட்டால் அதனால் கூடும் மதிப்புக்குத் தனி விலக்கு இருக்கிறது, படிவம் 50-123. தகடு போட்டவர்களில் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பில் அக்டோபர் முதல் வரத் தொடங்கும். எஸ்க்ரோ இருந்தாலும் ஒரு பிரதி எடுத்து, ஒவ்வொரு வரி அமைப்பின் வரிசையிலும் உங்கள் விலக்குத் தொகை சரியாகக் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளி வரிசையில் 1,40,000 கழியாமல் இருந்தால் உடனே அப்ரைசல் டிஸ்ட்ரிக்டை அழையுங்கள். கெடு ஜனவரி 31. பிப்ரவரியில் கட்டினால் அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம் கூடும். ஜூலை 1 தாண்டினால் அபராதம் மட்டும் 12 சதவீதம், அதற்கு மேல் வசூல் வழக்கறிஞர் கட்டணமாக 20 சதவீதம் வரை சேரலாம். விலக்கு விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறதே என்று பில்லைக் கட்டாமல் வைக்காதீர்கள். ஜனவரிக்குள் வந்த தொகையைக் கட்டிவிடுங்கள்; விலக்கு அனுமதியானதும் திருத்திய பில்லும், கூடுதலாகக் கட்டிய பணமும் டாக்ஸ் ஆபீஸிலிருந்து வரும்.